கலுங்கன் சமயத்தில் பாலிக்குத் தனியாகப் போகிறவருக்கு

கேள்வி இது: "கலுங்கன் விழா நாட்களில் பாலியில் தனியாக இருக்கப் போகிறேன். ஓரமாக நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்ப விருப்பமில்லை. ஊர் மக்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் மொழி தெரியாது. கோயிலுக்குள் விடுவார்களா? யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் போகலாமா?"

விடுவார்கள், கூப்பிடவும் செய்வார்கள். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டால் ஏமாற்றம் குறையும். கலுங்கன் அன்று பாலியில் வேடிக்கை பார்க்க என்று பெரிதாக எதுவும் கிடையாது. தேர் ஓடாது, வாணவேடிக்கை இருக்காது. அது முழுக்க வீட்டு விழா. தர்மம் அதர்மத்தை வென்ற நாள் என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள், அதுவும் சரிதான். ஆனால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது முன்னோர்கள் இறங்கி வந்து பத்து நாள் தங்கிப் போகும் காலம். அதனால் தென்பாசார், கூத்தா பக்கம் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பாதிக் கடைகள் மூடியிருக்கும், கார் ஓட்டுநர் கிடைப்பது கஷ்டம். கடற்கரை ஓட்டலில் அறை எடுத்துக்கொண்டு விழா எங்கே என்று தேடினால், தெருவோரம் வளைந்து நிற்கும் பென்ஜோர் என்ற அலங்கார மூங்கில்களைத் தவிர எதுவும் கண்ணில் படாது.

இன்னொன்று. பாலியில் எந்த விழாவானாலும் முக்கால்வாசி நேரம் காத்திருப்பதிலேயே போகும். பூசாரி வர வேண்டும், பக்கத்து ஊர் ஊர்வலம் வந்து சேர வேண்டும், உள்ளே போன கூட்டம் வெளியே வர வேண்டும். வெளியூர்க்காரர்கள் பொறுமை இழந்து கிளம்பிப் போவது அந்த நேரத்தில்தான். ஊர்க்காரர்கள் ஆற அமர உட்கார்ந்து பேசுவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே ஒரு நாளைக்கு நாலு கோயில் என்று திட்டம் போடாதீர்கள். ஒரே ஊர், ஒரே குடும்பம், போதுமான நேரம். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

தேதியை முதலில் பார்த்துவிடுவோம். கலுங்கன் வருவது பாவுகோன் என்ற 210 நாள் நாட்காட்டிப்படி. அதில் 30 வாரங்கள், ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பெயர். துங்குலான் என்ற 11ஆவது வாரத்தின் புதன்கிழமை கலுங்கன், அதிலிருந்து பத்தாம் நாள் சனிக்கிழமை குனிங்கன். 210 நாளுக்கு ஒருமுறை வருவதால் சில வருடங்களில் இரண்டு தடவை வந்துவிடும்; 2025இல் ஏப்ரல் 23, நவம்பர் 19 என்று இரண்டு வந்தன. 2026இல் ஜூன் 17 கலுங்கன், ஜூன் 27 குனிங்கன். அதற்கடுத்த கலுங்கன் 2027 ஜனவரி 13. எந்தத் தடவை போனாலும் புதன்கிழமை காலையில் போய் இறங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையே ஊரில் இருங்கள். அன்றைக்கு வாழைக்காயை மூடிப் பழுக்க வைப்பார்கள், திங்களன்று பலகாரம் செய்வார்கள், செவ்வாயன்று பன்றி அடித்துச் சமையல். அந்த மூன்று நாள் வேலையில்தான் புது ஆளுக்கும் இடம் இருக்கிறது.

தங்குவதற்கு கியாஞார், பாங்லி, கரங்காசெம் பக்கத்துக் கிராமங்களில் குடும்பமே நடத்தும் ஹோம்ஸ்டே பாருங்கள். உபுத்திலும் சந்துகளுக்குள் இப்படி வீடுகள் உண்டு. வீடு என்றால் ஒரே மதிலுக்குள் நாலைந்து சிறு கட்டடங்கள், ஒரு மூலையில் குடும்பக் கோயில், நடுவில் முற்றம். உங்கள் அறையும் அந்த மதிலுக்குள்ளேயே இருக்கும். பெங்லிபுரான் கிராமம் பென்ஜோர் வரிசைக்குப் பேர்போனது. பார்க்க அழகுதான், நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றி வரலாம். பேசிப் பழகுவதற்கு ஏற்ற இடம் அது இல்லை, கூட்டம் அப்படி.

செவ்வாய்க்கிழமைக்குப் பெனாம்பாஹான் என்று பெயர். என்னைக் கேட்டால் கலுங்கனை விட இந்த நாள்தான் முக்கியம். விடிவதற்கு முன்பே பன்றி அடித்துவிடுவார்கள். வெளிச்சம் வரும்போது ஆண்கள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு மரப் பலகையில் கறியையும் மசாலாவையும் கொத்திக்கொண்டிருப்பார்கள். லாவார் என்ற பதார்த்தத்துக்கான வேலை இது; அதை ஆண்கள்தான் செய்வார்கள், பெண்கள் ஓலை பின்னிப் படையல் கட்டுவார்கள். கியாஞார் பக்கத்தில் ஒரு வீட்டில் நான் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த பெரியவர் எதுவும் பேசாமல் சின்ன வெங்காயக் கூடையை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். எதிரே மஞ்சள், இஞ்சி, பேரரத்தை, கச்சோலம் எல்லாம் தனித்தனிக் குவியலாக இருந்தன. நம் நாட்டு மருந்துக் கடையில் பார்க்கும் சரக்கு, அங்கே குழம்புக்குப் போகிறது. கச்சோலத்தை எடுத்து முகர்ந்து, "இது எங்கள் ஊரிலும் உண்டு, குழந்தை மருந்துக்கு" என்று அரைகுறை இந்தோனேசிய மொழியில் சொன்னதுதான் தாமதம், வரிசை முழுக்கக் கேள்விகள். இந்தியாவில் பன்றி சாப்பிடுவார்களா? இந்துக்கள் எல்லோருமே சைவமாமே? கல்யாணச் செலவு யாருடையது? செத்தால் அன்றைக்கே எரித்துவிடுவீர்களா? கடைசிக் கேள்வியில் எல்லோருக்கும் நிஜமான ஆச்சரியம். அவர்கள் ஊரில் எரிப்பதற்குக் காசு சேர்க்க வேண்டும், நல்ல நாள் பார்க்க வேண்டும்; அதுவரை புதைத்து வைத்திருப்பது சாதாரணம். அப்படி எரியூட்டாமல் இருப்பவர்களுக்குக் கலுங்கன் அன்று இடுகாட்டுக்கே படையல் எடுத்துக்கொண்டு போவார்கள். வெங்காயம் உரித்த நேரத்தில் தெரிந்துகொண்டது இது.

நீங்கள் சைவமா என்று கேள்வியில் இல்லை. சைவமானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் கவனம்: பலாக்காய் லாவார், காய்கறி உராப் என்று பேரில் சைவமாக இருப்பதிலும் இறால் விழுது சேர்ந்திருக்கும். நேந்திரம்பழம் மாதிரி ஒரு பழம், ஒட்டரிசியில் செய்த உலி பலகாரம், புளிக்க வைத்த ஒட்டரிசித் தாபே, வடிகட்டாத பாலிக் காப்பி — இவற்றை வைத்தே ஒரு நாளை ஓட்டிவிடலாம். படைத்து முடித்த பண்டங்களைப் பிரித்துக் கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அது பிரசாதம். சாப்பிடுகிறீர்களோ இல்லையோ, வலது கையால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயில் விஷயம். உடை இல்லாமல் எதுவும் நடக்காது. ஆண்களுக்கு இடுப்பில் வேட்டி மாதிரி சுற்றும் கமென், அதன்மேல் சாபுட் என்ற குட்டைத் துணி, தலையில் உதெங். பெண்களுக்கு கமென், கெபாயா மேற்சட்டை, இடுப்பில் கட்டும் செலெந்தாங். வாசலில் வாடகைக்குக் கொடுக்கும் சேலைத்துண்டு சுற்றுலாக் கோயில்களுக்குச் சரி. ஊர்க் கோயிலுக்கு முழு உடை வேண்டும். இதைச் சந்தையில் நீங்களாக வாங்காமல் வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள். விலை குறையும் என்பது ஒரு பக்கம். உங்களுக்கு உடுத்திவிடும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொள்வார். உதெங் கோணலாக இருந்தால் வழியில் போகிறவர் கூட நிறுத்திச் சரி செய்வார். அப்படி ஆரம்பித்த பேச்சுகள் நிறைய.

தீட்டு உண்டு, நம்மூர் போலவே. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் கோயிலுக்குள் போவதில்லை, நெருங்கிய குடும்பத்தில் சாவு என்றாலும் போவதில்லை. வாசலிலேயே பலகை இருக்கும். இதில் உங்கள் கருத்து என்னவாக இருந்தாலும், விருந்தாளியாகப் போன இடத்தில் மறைத்துக்கொண்டு உள்ளே போவது சரியில்லை. வெளி முற்றத்தில் உட்கார்ந்திருக்கத் தடையில்லை, அன்றைக்கு அங்கே உங்களோடு உட்கார இன்னும் சில பெண்கள் இருப்பார்கள். அப்புறம், 2025இல் பாலி ஆளுநர் வெளியிட்ட சுற்றறிக்கையிலும் தெளிவாகவே இருக்கிறது: கோயிலின் புனிதப் பகுதிக்குள் பாலி உடையில் வழிபட வருகிற வெளிநாட்டவர் போகலாம், வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது. அதனால் உள் முற்றத்துக்குப் போகிறீர்கள் என்றால் உட்கார்ந்து கும்பிடுவதற்காகப் போங்கள். கேமராவை வீட்டில் விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

கும்பிடும் முறை எளிது. ஆண்கள் சம்மணம், பெண்கள் மண்டியிட்டு அமர்வார்கள். ஐந்து தடவை கைகூப்ப வேண்டும். முதலும் கடைசியும் வெறுங்கை, நடுவில் மூன்றும் விரல் நுனியில் பூவோடு. கை நெற்றிக்கு மேலே போக வேண்டும். எந்தப் பூ எப்போது என்று குழம்ப வேண்டாம், பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் செய்தால் போதும். அவர்களே தட்டிலிருந்து பூவை எடுத்து உங்கள் கையில் திணித்துவிடுவார்கள். பிறகு பெமாங்கு, அதாவது ஊர்ப் பூசாரி, தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். இடது கைமேல் வலது கையை வைத்து ஏந்தி, மூன்று முறை குடித்து, மூன்று முறை முகத்தில் துடைக்க வேண்டும். அடுத்து ஊறிய அரிசி. நெற்றியிலும் தொண்டைக் குழியிலும் ஒட்டிக்கொண்டு சில மணிகளை வாயில் போட்டுக்கொள்வார்கள். காயக் காய நெற்றி அரிசி உதிரும். உங்கள் அரிசி விழாமல் இருக்கிறதா என்று பின்வரிசைக் குழந்தைகள் கண் வைத்திருக்கும். பூசாரி உட்கார்ந்திருக்கும் மேடையை விட உயரமான இடத்தில் நிற்காதீர்கள், கும்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு முன்னால் நடக்காதீர்கள். தரையில் கிடக்கும் சனாங் என்ற படையல் ஓலைத் தட்டைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள்.

இப்போது பேச்சு. மொழி தெரியாதது பெரிய தடை இல்லை. சுற்றுலாவில் வேலை பார்ப்பவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள். மற்றவர்களுக்காக இந்தோனேசிய மொழியில் ஒரு முப்பது சொல் கற்றுக்கொண்டு போங்கள். எதிர்ப்பட்டால் கைகூப்பி "ஓம் ஸ்வஸ்தியஸ்து". விழா வாழ்த்து "ரஹாஜெங் கலுங்கன்". நன்றிக்கு "சுக்ஸ்மா". கூப்பிடுவதற்கு ஓரளவு உங்கள் வயது ஆண் என்றால் "ப்ளி", பெண் என்றால் "ம்போக்" — அண்ணன், அக்கா முறை. பெரியவர்களுக்கு "பாக்", "இபு". பூசாரிக்கு "ஜெரோ மங்கு".

தெருவில் பார்ப்பவர்கள் எல்லாம் "மாவ் கெ மானா?" என்பார்கள், எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று. வேவு பார்ப்பதாக வெள்ளைக்காரப் பயணிகள் சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு விளக்கவே வேண்டாம். "ஜாலான்-ஜாலான்", சும்மா ஒரு நடை, என்று சொன்னால் முடிந்தது. நின்றால் அடுத்தது வயது, கல்யாணம், குழந்தை, மதம். கல்யாணம் ஆகவில்லை என்றால் "பெலும்" என்று சொல்லுங்கள். இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். "இல்லை" என்று முடித்துவிட்டால் பாவம், அவர்களுக்கு வருத்தமாகிவிடும்.

பேர் கேட்டவுடன் ஒரு பேச்சு தயார். முதல் பிள்ளைக்கு வாயான், புத்து அல்லது கெடே. இரண்டாவதுக்கு மாதே அல்லது காடெக், மூன்றாவதுக்கு ஞோமான் அல்லது கோமாங், நான்காவது கெத்துத். ஐந்தாவது பிறந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரும்பாலும் ஒரே பெயர்தான், முன்னால் ஆணுக்கு ஈ, பெண்ணுக்கு நி. "கெத்துத்தா? அப்போ மூன்று பேர் மூத்தவர்களா?" என்று கேட்டால் குடும்பக் கதை முழுக்க வந்துவிடும். ஈடா பாகுஸ், அனாக் ஆகுங், சொகோர்தா, குஸ்தி என்று ஆரம்பிக்கும் பெயர்கள் மேல்சாதியைக் காட்டும். பேரிலேயே தெரிந்துவிடுவதால் சாதியை யாரிடமும் கேட்கத் தேவையில்லை, கேட்கவும் வேண்டாம்.

நீங்கள் இந்து என்றால் அவர்கள் முகம் மலரும், "சமா!" — ஒன்றேதான் — என்பார்கள். அதற்கப்புறம்தான் நம் ஆட்கள் வழக்கமாகச் சொதப்புகிறார்கள். இந்தியாவிலிருந்துதானே இதெல்லாம் வந்தது என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், படையலில் ஏன் கறி, கோயிலில் ஏன் சிலையே இல்லை, விநாயகர் எங்கே என்று குறுக்கு விசாரணை செய்வார்கள். கலுங்கன் இந்தியாவில் கிடையாது, பாவுகோன் நாட்காட்டி இந்தியாவில் கிடையாது. அவர்கள் வழி அவர்களுடையது. கேட்பதற்கு எத்தனையோ இருக்கிறது. பாவுகோன் சுற்றின் கடைசி நாள் சரஸ்வதிக்கு உரியது. புத்தகங்களை அடுக்கிப் படையல் வைத்து அன்றைக்குப் படிக்க மாட்டார்கள். தும்பெக் லாண்டெப் அன்று கத்தி, கிரிஸ் என்ற குறுவாளில் ஆரம்பித்து இப்போது பைக், கார் வரைக்கும் பூசை. கலுங்கனுக்கு 25 நாள் முன்பு தும்பெக் வாரிகா, மரங்களுக்கான நாள்: மரத்தைத் தட்டி, விழா வருகிறது, நிறையக் காய்த்துக் கொடு என்று கேட்பார்கள். நாங்களும் புத்தகத்தை அடுக்குவோம், வண்டிக்குப் பொட்டு வைப்போம் என்று நீங்கள் சொல்லும்போது அவர்களுக்கு வரும் சந்தோஷம் வேறு. மகாபாரதமும் கை கொடுக்கும். நிழற்கூத்தில் பீமனும் அர்ச்சுனனும் கவி என்ற பழைய ஜாவா மொழியில் பேச, த்வாலென் என்ற தொந்திப் பணியாள் அதைப் பாலி மொழியில் மாற்றிச் சொல்லி நையாண்டி செய்வான். பாண்டவர் கதையை அறியாதவர் அங்கே இல்லை. 2014இல் இந்தித் தொலைக்காட்சித் தொடர் ஒன்று இந்தோனேசியாவில் ஓடியதிலிருந்து பாட்டிகளுக்கும் நடிகர்கள் முகம் அத்துப்படி.

வீட்டுக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு கிலோ சர்க்கரை, ஒரு பொட்டலம் காப்பித்தூள் அல்லது பழம், இது ஊர் வழக்கம். பணம் நீட்டினால் சங்கடப்படுவார்கள். கோயிலில் காணிக்கைப் பெட்டி இருக்கும், அங்கே போடலாம். காப்பியும் பலகாரமும் உங்கள் முன்னால் வைத்த பிறகும் "சிலாக்கான்" என்று சொல்லும்வரை தொடாமல் இருப்பது மரியாதை. விழாவன்று அக்கம்பக்கத்துக்குச் சாப்பாடு அனுப்பும் ஙெஜோட் பழக்கமும் உண்டு. முஸ்லிம் வீடுகளுக்குப் பன்றி சேராததாகப் பார்த்து அனுப்புவார்கள், ரம்ஜானுக்கு அங்கிருந்து இங்கே வரும். தட்டு எடுத்துக்கொண்டு போகும் பையனோடு நீங்களும் தெருவில் நடந்தால் மாலைக்குள் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு உங்களைத் தெரிந்திருக்கும்.

புதன்கிழமை காலையில் கும்பிட்டு முடித்தபின் ஊர் அடங்கிவிடும், தூங்குங்கள். வியாழக்கிழமை, மானிஸ் கலுங்கன், சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகும் நாள். இளவட்டங்கள் பைக்கில் கடற்கரைக்குக் கிளம்புவார்கள், சாலை நெரியும். அன்றிலிருந்து குனிங்கன் வரை சின்னப் பையன்கள் பாரோங் என்ற விலங்கு வேடத்தைத் தூக்கிக்கொண்டு தாளத்தோடு வீடுவீடாக வருவார்கள். ஙெலாவாங் என்று பெயர். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பாரோங்குக்குள் இருக்கும் இருவருக்கும் பத்து வயதுகூட இருக்காது, பின்கால் பையனுக்கு முன்னால் நடப்பது எதுவுமே தெரியாது.

குனிங்கன் அன்று முன்னோர்கள் திரும்பிப் போகிறார்கள், அதனால் பூசை நண்பகலுக்குள் முடிந்தாக வேண்டும். மஞ்சள் சோறு, கேடய வடிவத்தில் ஓலைத் தோரணம். அன்று மதியத்துக்கு மேல் பாடுங் மாவட்டத்தில் முங்கு கிராமத்துக்குப் போனால் மெகோத்தெக் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான ஆண்கள் நீண்ட கம்புகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்த, ஒருவன் அதன்மேல் ஏறி உச்சியில் நிற்பான். நீங்கள் எதிர்பார்த்த ஆரவாரம் அங்கே கிடைக்கும்.

பயணத் தேதி கலுங்கனோடு பொருந்தாவிட்டால் டிக்கெட்டை மாற்ற வேண்டியதில்லை. பாலியில் ஒவ்வொரு கோயிலுக்கும் ஒதாலான் என்ற ஆண்டுவிழா உண்டு. பெரும்பாலானவற்றுக்கு 210 நாளுக்கு ஒருமுறை, சிலவற்றுக்குச் சந்திரக் கணக்குப்படி. ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது மூன்று கோயில் என்பதால் எந்த வாரம் போனாலும் பக்கத்தில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும். ராத்திரி வெளி முற்றத்தில் பக்சோ என்ற கறியுருண்டை சூப் வண்டி, பலூன் விற்பவர், பொம்மைக்கு அழும் குழந்தைகள், ஒரு பக்கம் கேமலான் வாத்தியக் குழு, இன்னொரு பக்கம் முகமூடி நாடகம். பேசுவதற்குக் கலுங்கனை விடவும் வசதி. ஞெபி என்ற மௌன நாள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை விமான நிலையம் உட்பட எல்லாம் அடைப்பு, தெருவில் கால் வைத்தால் பெசாலாங் காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2018 முதல் அன்றைக்குக் கைபேசி இணையமும் இல்லை. முந்தின இரவு ஓகோ-ஓகோ பூதப் பொம்மை ஊர்வலத்தில்தான் பேச்சு, கூத்து எல்லாம்.

வெளிநாட்டவருக்கான 1,50,000 ரூபியா சுற்றுலாக் கட்டணத்தைக் கிளம்பும் முன்பே இணையத்தில் கட்டிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரர்களிடம், "இந்த வாரம் பக்கத்தில் எங்கே ஒதாலான்?" என்று கேளுங்கள். கேட்ட அன்றைக்கே உங்கள் இடுப்பளவுக்கு யாருடைய கமென் சரிப்படும் என்று வீட்டில் விவாதம் தொடங்கிவிடும்.